வெள்ளிக்கிழமை தேய்த்த கார்

எங்கள் ஊர் பஸ்ஸில் இறங்குவதற்கு வாயைத் திறக்க வேண்டியதில்லை. தலைக்கு மேலே ஒரு மணிப் பொத்தான் இருக்கும். அமுக்கினால் போதும். கண்டியில் இத்தனை வருடமும் நான் அப்படித்தான் இறங்கி வந்திருக்கிறேன். திருச்சியில் ஏறிய பஸ்ஸில் அந்தப் பொத்தானைத் தேடினேன். இல்லை. இங்கே கண்டக்டர் விசில் ஊதினால்தான் பஸ் நிற்கும். கண்டக்டர் ஊத வேண்டுமென்றால் நான் குரல் கொடுக்க வேண்டும்.

ஓர் இடத்தில் பஸ் நின்று ஏழெட்டுப் பேர் இறங்கினார்கள். இது பெரம்பலூர்தானா, இல்லை பஸ் ஸ்டாண்டு இன்னும் உள்ளே இருக்கிறதா என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்கலாமா என்று யோசித்தேன். யோசித்து முடிப்பதற்குள் பெரம்பலூர் பின்னால் போய்விட்டது.

கண்டக்டர் என் டிக்கெட்டைப் பார்த்துவிட்டு, "என்னாங்க, பெரம்பலூருக்கு டிக்கெட்டு எடுத்துட்டு மெட்ராஸ் வரைக்கும் வரலாம்னு பாத்தீங்களா?" என்றார். பஸ்ஸே சிரித்தது. ரஞ்சன்குடியில் இறக்கிவிட்டார்கள். ரோட்டுக்கு அந்தப் பக்கம் மேட்டில் பழைய கோட்டை நின்றது. இந்தப் பக்கம் ஒரு டீக்கடை. நான் டீக்கடைக்குப் போனேன்.

தேயிலை விளைவது எங்கள் மலையில். என் அம்மா கொழுந்து பறித்தே என்னை வளர்த்தார். ஆனாலும் அந்தக் கடைக்காரர் கொடுத்த மாதிரி ஒரு டீயை நான் எங்கள் ஊரில் குடித்ததில்லை. பாலும் பட்டும்படாமல், சர்க்கரையும் திகட்டாமல், நுரை விளிம்பு வரை நின்றது. விளைவது அங்கே, ருசி இங்கேயா என்று மனம் எரிந்தது. இந்தப் பயணம் முழுக்க என்னோடு வந்த பொறாமை அங்கேதான் ஏறிக்கொண்டது.

வெங்காய மூட்டை ஏற்றிக்கொண்டு போன ஒரு லோடு ஆட்டோவில் இடம் கிடைத்தது. பெரம்பலூருக்குத் திரும்பும்போது என் மேலெல்லாம் சின்ன வெங்காய வாசனை.

வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். கண்டியில் உலோகத்துக்கு முலாம் பூசும் பட்டறை ஒன்றில் வேலை செய்கிறேன். பட்டறைக்குச் சொந்தக்காரர் ஒரு சிங்களவர். ஐயா என்கிற அர்த்தத்தில் மாத்தையா என்று கூப்பிடுவோம். அவரிடம் இரண்டாம் உலகப் போருக்கு முந்திய ஓர் இங்கிலாந்துக் கார் இருக்கிறது. சதுர மூக்கும் தவளைக் கண் மாதிரி இரண்டு விளக்குகளும் உள்ள கார். அது செய்யப்பட்ட அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியே ஆக்க வேண்டும் என்பது அவர் ஆசை. பெயிண்ட்டுக்கு அடையாளம் சீட்டுக்கு அடியில் கிடைத்துவிட்டது. முலாமுக்குத்தான் கிடைக்கவில்லை. முன்பு வைத்திருந்த யாரோ விளக்கு வளையத்தையும், கைப்பிடிகளையும், ரேடியேட்டரைச் சுற்றியிருக்கும் பித்தளைக் கூட்டையும் மணல் அடித்துச் சுரண்டி, வெள்ளிப் பெயிண்ட் பூசிவிட்டிருந்தார்கள்.

எங்கள் மேஸ்திரி குரோம் என்றார். நான் நிக்கல் என்றேன். அந்தக் காலத்தில்தான் கார் செய்கிறவர்கள் நிக்கலை விட்டுவிட்டு குரோமுக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். அதனால் இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். தெரியாதவர்களுக்கு இரண்டுமே வெள்ளைப் பளபளப்புதான். தொழிலில் இருப்பவனுக்கு அப்படியல்ல. குரோம் நீலம் கலந்த வெள்ளை, குழாய்த் தண்ணீர் மாதிரி. நிக்கல் துளி மஞ்சள் கலந்த வெள்ளை, காய்ச்சிய பால் மாதிரி. பழைய காருக்கு குரோம் போட்டால் வயதானவர் வாயில் புதுப் பல்செட் வைத்த மாதிரி இருக்கும் என்பது என் எண்ணம். ஆனால் நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். கண்ணுக்குத் தெரிந்ததை வாயால் நிலைநாட்ட எனக்கு வராது.

அந்தச் சமயத்தில்தான் மாத்தையா போனில் ஒரு வீடியோ பார்த்தார். அதே கார், அதே வயது, அரியலூரில் ஒரு வீட்டில். வாங்கிய நாளிலிருந்து யாரும் முலாம் மாற்றவே இல்லையாம். ஆனால் வீடியோவில் அதன் முகம் தங்கமாக மின்னியது. மேஸ்திரி குரோம், நான் நிக்கல், கார் என்னவென்றால் பித்தளை. மாத்தையா சிங்களத்தில் சொன்னார்: "உனக்குத்தான் தமிழ் தெரியும். நீ போய்ப் பார்த்து வா. நீ சொன்னது சரியென்றால் நிக்கல். தப்பென்றால் இனி முலாம் விஷயத்தில் மேஸ்திரி சொல்வதுதான் பேச்சு."

அந்த வீடியோவைப் போட்டவர் செல்வராசு. பெரம்பலூரில் துறையூர் ரோட்டுப் பக்கம் முலாம் பட்டறை வைத்திருக்கிறார். நான் போய் வாசலில் நின்றேன். உள்ளே எப்படிக் கூப்பிடுவது என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே அவர் பார்த்துவிட்டார்.

"வாங்கண்ணே, வாங்க! சிலோன்லேர்ந்து வந்தவருதான? மூஞ்சியிலயே எழுதியிருக்கே. உக்காருங்க. என்னா, வெங்காய வாசன தூக்குது?"

நான் சிரித்தேன். ரஞ்சன்குடிக் கதையைச் சொல்லவில்லை.

அவருடைய தொட்டிகளைப் பார்த்ததும் என் வயிறு எரிந்தது. எங்கள் நிக்கல் தொட்டி சின்னது. பெரிய சாமானைப் பாதி பாதியாகத்தான் முக்குவோம். இரண்டு பாதியும் சேருகிற இடத்தில் ஒரு கோடு விழும். அந்தக் கோட்டைத் தேய்த்து மறைப்பதிலேயே என் ஆயுளில் பெரும்பகுதி போயிருக்கிறது. செல்வராசின் தொட்டியில் எருமைக்கன்று ஒன்று தாராளமாகக் குளிக்கலாம்.

அதைவிடப் பெரிய எரிச்சல் அவருடைய வாய். ஓர் அம்மா கையில் வெண்கல மணியோடு வந்து சண்டை பிடித்தார். "நீ போட்ட பாலீசு ஒரு மாசம் தாங்கல. கறுத்துப்போச்சு, பாரு!" செல்வராசு மணியை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வெயிலு அப்புடி அடிக்குது ஆத்தா. ஒரு மாசத்துல நானே எவ்வளவு கறுத்துட்டேன் பாருங்க. என்னைய யாரு பாலீசு போடுறது?" என்றார். அந்த அம்மா சிரித்துவிட்டு மணியை வைத்துவிட்டுப் போனார். அந்த மாதிரி ஒருவர் எங்கள் பட்டறைக்கு வந்தால் நான் தொட்டிக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன்.

"நல்லவேள, இன்னைக்கு வந்தீங்க," என்றார் செல்வராசு. "நாளைக்கு அரியலூருக்குப் போயி விளக்கு, கைப்பிடி, முன்கூடு எல்லாத்தையும் கழட்டிட்டு வந்துருவேன். பழச ஆசிட்டுல உருவிட்டு முழுக்க குரோமு. தையில அந்த வூட்டுப் பொண்ணு கல்யாணம். வண்டி ஜெகஜோதியா இருக்கணும்னு அக்கா சொல்லிட்டாங்க."

எனக்குப் பக்கென்றது. ஆசிட்டில் போட்டால் பழைய முலாமின் சுவடே இருக்காது. இரண்டு நாள் பிந்தி வந்திருந்தால் நான் பார்த்திருக்கப் போவது ஒரு குரோம் கார்.

"என்னண்ணே, வாயே தொறக்க மாட்டேங்கிறீங்க? உள்ளார தங்க முலாம் போட்டுருக்கா? தொறந்தா கரைஞ்சிருமா?"

"நானும் வரட்டுங்களா?" என்று கேட்டேன். அன்றைக்கு நான் முழுதாகச் சொன்ன வாக்கியம் அது ஒன்றுதான்.

மறுநாள் காலை ஒரு ஓட்டலில் வெண்பொங்கல் சாப்பிட்டேன். கண்டியில் காலையில் எனக்குப் பாண் என்கிற ரொட்டியும் பருப்பும்தான். பாணைக் கடித்து இழுத்து விழுங்கிப் பழகியவனுக்குப் பொங்கல் தானாகவே தொண்டையில் இறங்கியது. அதையும் பொறாமைக் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

செல்வராசின் வேனில் கிளம்பினோம். குன்னத்தில் ஒருவருக்கு டிராக்டர் சாமான் கொடுக்க வேண்டும் என்று அந்தப் பக்கமாகச் சுற்றினார். ரோட்டின் பாதியை அடைத்து மக்காச்சோளம் காயப்போட்டிருந்தார்கள். வண்டிகள் எல்லாம் கோபமில்லாமல் மீதிப் பாதியில் போயின. எங்கள் மலை ரோட்டில் ஒருவன் குடையைக் காயவைத்தாலே மூன்று பஸ் ஹாரன் அடிக்கும்.

அரியலூரை நெருங்க நெருங்க சிமெண்ட் லாரிகள் பெருகின. வேப்பமர இலைகள்கூடச் சாம்பல் பூத்திருந்தன. ரயில்வே கேட்டில் லாரிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டோம். செல்வராசு இறங்கிப் போய் லாரிக்காரர்களோடு பேசிக்கொண்டு நின்றார். வேனுக்குள் வெயில் கொதித்தது. நானும் இறங்கலாம் என்று பார்த்தால் என் பக்கக் கதவில் உள்ளே கைப்பிடி இல்லை. கூப்பிடலாம். ஆனால் அத்தனை லாரிக்காரர்களும் திரும்பிப் பார்ப்பார்களே. கேட் திறக்கும் வரை உள்ளேயே வெந்தேன்.

"ஐயய்யோ, சட்டையெல்லாம் நனைஞ்சிருக்கே! ஒரு சத்தம் குடுக்கக் கூடாதாண்ணே?" என்றார் செல்வராசு திரும்பி வந்து. "கைப்பிடிய குரோம் போடக் கழட்டுனேன். மாட்ட மறந்துட்டேன்."

கார் இருந்த வீட்டில் பூங்கோதை என்கிற அம்மா எங்களை வரவேற்றார். ஐம்பது வயது இருக்கும். வீட்டுக்காரர் லாரி விஷயமாக ஜெயங்கொண்டம் போயிருந்தார். காரை வாங்கியவர் பூங்கோதையின் மாமனார், இறந்து பல வருடமாகிறது.

கொட்டகைத் தகரத்தைத் தூக்கியதும் நான் அப்படியே நின்றுவிட்டேன். வீடியோ பொய் சொல்லவில்லை. முன்கூடு தங்கம். விளக்குகள் தங்கம். நெற்றியில் சந்தனம், குங்குமம். ஆனால் அது புதுப் பித்தளையின் கூச்சல் இல்லை. விளிம்புகளில் மஞ்சள் ஆழமாகவும், பள்ளங்களில் வெளுத்தும், ஒரு நிறம் இன்னொன்றுக்குள் எங்கே போகிறது என்றே தெரியாமல் கரைந்திருந்தது. இப்படி ஒன்றை எந்தத் தொட்டியிலும் போட்டு எடுக்க முடியாது. நான் முப்பது வருடம் முயன்றாலும் வராது.

"வாங்கயிலேயே பித்தளதாங்க," என்றார் பூங்கோதை. "நான் கட்டிக்கிட்டு வந்த நாள்லேர்ந்து வெள்ளிக்கிழம தவறாம தேய்ப்பேன். புளியும் செங்கப்பொடியும் போட்டு குத்துவெளக்கு தேய்ப்போம்ல, அதோட சேத்து இதையும் தேச்சுருவேன். எனக்கு முந்தி மாமியா தேச்சாங்க. இந்த வூட்டுல வண்டிய ஓட்டுறது ஆம்பளைங்க, தேய்க்கிறது நாங்க."

எனக்கு அப்போதே பாதி புரிந்துவிட்டது. மீதிக்காக செல்வராசு ஒரு விளக்கைக் கழற்றும்வரை காத்திருந்தேன். விளக்கை அதன் காலோடு சேர்த்து ஒரு பட்டை இறுக்கிப் பிடித்திருந்தது. பட்டை கழன்றதும், அதற்கு அடியில், எந்தக் கையும் எந்தப் புளியும் போகாத இடத்தில், விரலகலத்துக்கு ஒரு வளையம் வெள்ளையாக இருந்தது. பால் வெள்ளை.

நிக்கல். நான் சொன்னது சரி. மேஸ்திரி சொன்னது தப்பு. வந்த வேலை முடிந்தது.

செல்வராசு அதைக் கவனிக்கவில்லை. பேசிக்கொண்டே அடுத்த விளக்குக்குப் போய்விட்டார். நான் பேசாமல் நின்றேன். கூச்சம் மட்டும் காரணமில்லை. இந்தக் கார் குரோமாகிவிட்டால் இந்த வகையில் சரியான முலாமோடு நிற்கப்போவது எங்கள் கார் ஒன்றுதான். பெரிய தொட்டியும், பெரிய வாயும், இப்படி ஒரு காரும் கிடைத்த ஆள் இந்த ஒன்றிலாவது கோட்டை விடட்டுமே என்று இருந்தது.

பூங்கோதை சாப்பிடக் கூப்பிட்டார். சின்ன வெங்காய சாம்பார், கத்தரிக்காய், அப்பளம். எங்கள் ஊர்ச் சாப்பாட்டில் தேங்காய்ப்பால் எல்லாவற்றையும் மூடிவிடும். இங்கே வெங்காயம் வெங்காயமாகவே ருசித்தது. நான் தலையைக் குனிந்து சாப்பிட்டேன். குனிந்து சாப்பிடுகிறவனிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை.

பூங்கோதை கேட்டார். "நீங்க ஒண்ணுமே சொல்லலியேண்ணே. இம்புட்டுத் தூரம் வந்துருக்கீங்க. உங்க ஊரு வண்டிக்கு என்னா போடப் போறீங்க?"

செல்வராசும் நிமிர்ந்து பார்த்தார். இதற்குப் பொய் சொல்லலாம். ஆனால் சாப்பாடு போட்டுக்கொண்டே கேட்கிறார்.

"நிக்கலுங்க," என்றேன். "இந்த வண்டியும் நிக்கல்தானுங்க. பித்தள இல்ல."

கையைக் கழுவிவிட்டு எல்லோரையும் கொட்டகைக்குக் கூட்டிப் போனேன். பட்டைக்கு அடியில் இருந்த வெள்ளை வளையத்தைக் காட்டினேன். பூங்கோதையிடம் ஒரு எவர்சில்வர் டம்ளர் கேட்டு வாங்கிப் பக்கத்தில் வைத்தேன். டம்ளர் நீலம் ஓடித் தெரிந்தது. வளையம் மஞ்சள் ஓடித் தெரிந்தது. குரோமாக இருந்தால் டம்ளரோடு அண்ணன் தம்பி மாதிரி நின்றிருக்கும் என்றேன். அடியில் பித்தளை, மேலே நிக்கல், நிக்கல் மிருதுவானது, புளியும் செங்கல் பொடியுமாகத் தேய்த்துத் தேய்த்து மேல் தோல் போய்விட்டது என்றும் சொன்னேன். ஒருமுறை ஆரம்பித்துவிட்டால் எனக்கு நிறுத்தத் தெரியாது. அதனால்தான் ஆரம்பிப்பதில்லை.

பூங்கோதை டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டார். முகம் மாறியிருந்தது.

"அப்ப நாந்தான் அழிச்சுட்டேனா? நல்லா வச்சுக்கிறேன்னு நெனச்சு இத்தன வருசமும் அழிச்சுக்கிட்டா இருந்தேன்?"

சொன்னது உண்மை. அதை எப்படித் திரும்ப எடுப்பது? வாய் பழையபடி மூடிக்கொண்டது.

செல்வராசுதான் பேசினார். "என்னாக்கா இது, பேப்பரு திருத்துற வாத்தியாரு மாரி பேசுறீங்க. நீங்க தேச்சதாலதான இன்னைக்கு இது என்னான்னே தெரிஞ்சுச்சு. குரோமா இருந்தா உங்க புளிக்கெல்லாம் அசைஞ்சு குடுக்குமா? அண்ணன் சிலோன்லேர்ந்து பிளேன் ஏறி வந்து பாத்து சொல்லணும்னா, அதுக்கு நீங்களும் உங்க மாமியாரும் அறுவது வருசம் டெஸ்ட்டு பண்ணி வச்சுருக்கீங்க!"

பூங்கோதைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "போடா, உன் வாயி இருக்கே," என்றார்.

அந்த இடத்தில் செல்வராசைப் பார்த்து எனக்கு வந்தது போல ஒரு பொறாமை அவருடைய தொட்டியைப் பார்த்துக்கூட வரவில்லை. உண்மை என்னிடம் இருந்தது. அதை ஒரு பெண் தாங்கிக்கொள்கிற மாதிரிச் சொல்லும் வாய் அவரிடம்தான் இருந்தது.

பூங்கோதை முடிவு சொன்னார். விளக்குக்கும் கைப்பிடிக்கும் நிக்கல் போடட்டும், குரோம் வேண்டாம். "முன்கூட்டத் தொடாத. அது எங்க மாமியாளும் நானும் தேச்சது. அப்புடியே இருக்கட்டும்."

செல்வராசு என் பக்கம் திரும்பினார். "அண்ணே, எங்கிட்ட இருக்குறது எல்லாம் கண்ணாடி மாரி மின்னுற புது நிக்கலு. இந்தப் பால் நெறம் எப்புடி வரும்?"

என் பையில் நான் பூசிக் கொண்டுவந்திருந்த பித்தளைத் துண்டுகள் இருந்தன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறத்து நிக்கல். பளபளப்பு மருந்து அதிகம் சேர்த்தது, குறைவாகச் சேர்த்தது, ஒரு சொட்டும் சேர்க்காமல் கையாலேயே மெருகு போட்டது. வளையத்தோடு ஒத்துப்போனது அந்தக் கடைசித் துண்டுதான். பைக்குள் என் விரல்கள் இரண்டு துண்டுகளுக்கு நடுவே நின்றன. மருந்து சேர்த்ததைக் கொடுத்தாலும் அந்த வீட்டில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. பூங்கோதை இன்னும் அந்த டம்ளரை வைத்துக்கொண்டு வளையத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

சரியானதை எடுத்துக் கொடுத்தேன். "மருந்து போடாத தொட்டியில முக்கணுங்க. வரும்போது மங்கலா, சாம்பலாத்தான் வரும். பயப்படக் கூடாது. பிறகு துணியால மெருகு போட்டா இந்த நிறம் வரும்."

"இது எங்கிட்டயே இருக்கட்டும்ண்ணே," என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கேட்கவில்லை, எடுத்துக்கொண்டார். கேட்காமல் எடுத்துக்கொள்கிறவர்களைப் பார்த்தாலும் எனக்குப் பொறாமைதான்.

அரியலூர் பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது மாத்தையாவின் போன் வந்தது. "என்ன?" என்றார். "நிக்கல்," என்றேன். "நிச்சயமா?" "நிச்சயம், மாத்தையா." அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம். "சரி, மேஸ்திரியிடம் நானே சொல்லிவிடுகிறேன். நீ வந்து சொல்வதற்குள் அடுத்த கார் வந்துவிடும்."

திருச்சி பஸ்ஸில் கண்டக்டருக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு போனேன். உட்காரச் சொன்னார்கள், மாட்டேன் என்றுவிட்டேன்.

எங்கள் கார் இப்போது முடிந்துவிட்டது. கூட்டை இரண்டு பாதியாக முக்கி, நடுவில் விழுந்த கோட்டைத் தேய்த்து மறைத்தேன். எங்கே இருந்தது என்று எனக்கு மட்டும் தெரியும். பார்க்க வந்தவர்கள் எல்லாம் இதுதான் அசல் என்றார்கள். மேஸ்திரியும் ஒரு நாள் அதன் முன்னால் வெகுநேரம் நின்றுவிட்டுப் போனார். மாத்தையா அதற்கு உறை தைத்துப் போட்டிருக்கிறார். துடைப்பதென்றால் பஞ்சு போன்ற துணி, அதுவும் அவர் கையால் மட்டும்.

தை மாதம் செல்வராசு படம் அனுப்பினார். பெண்ணும் மாப்பிள்ளையும் அந்தக் காரில் உட்கார்ந்திருந்தார்கள். விளக்குகள் பால் வெள்ளை. என் துண்டின் நிறம் அச்சாக வந்திருந்தது. கோடு எதுவும் இல்லை, தொட்டி பெரியதல்லவா. நடுவில் முன்கூடு பழைய தங்கம். அந்த வெள்ளைக்கு நடுவே அந்தத் தங்கம் அவ்வளவு அழகாக இருந்தது. போனை மேசைமேல் குப்புற வைத்துவிட்டேன்.

பிறகு ஒரு வியாழக்கிழமை போனில் அவருடைய குரல்பதிவு வந்தது. "அண்ணே, அக்கா கேக்கச் சொன்னாங்க. நாளைக்கு வெள்ளிக்கிழம. வண்டி விளக்க தேய்க்கலாமா, கூடாதா? நான் கூடாதுன்னுதான் சொன்னேன். நீ சிரிக்கச் சிரிக்கப் பேசுவ, அந்த அண்ணன் சொன்னாத்தான் கேப்பேன்னு சொல்லிட்டாங்க."

அந்தக் கடைசி வரியை இன்னொரு தடவை போட்டுக் கேட்டேன்.

தேய்க்கக் கூடாது. அதுதான் தொழில் தெரிந்தவன் சொல்ல வேண்டிய பதில். எழுத ஆரம்பித்தேன். எதிரே மாத்தையாவின் கார் உறைக்குள் நின்றது. அதன் நிக்கல் இன்றைக்கு இருப்பது போலவே என்றைக்கும் இருக்கும். யாருடைய கையும் அதில் ஏறப்போவதில்லை.

எழுதியதை அழித்தேன். எனக்கு எழுத்துக் கூட்டி அனுப்பக் கொஞ்ச நேரம் பிடிக்கும்.

'தேய்க்கச் சொல்லுங்க' என்று அனுப்பினேன்.